அந்தப் பெரிய ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள்

பழங்காலக் கார்களை வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைப் பட்டறைகளில் சீரமைப்பவர்களுக்கும், கண்காட்சிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும்,



உங்கள் கொட்டகைக்கு 1920-களின் கார் ஒன்று வந்து சேர்கிறது. மேலே போர்த்திய தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பிரிக்கத் தொடங்குகிறீர்கள். கம்பெனி கேட்டலாகின் பழைய படமொன்று சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தில் உள்ளது இருக்கும், இல்லாதது போய்விடும். ரேடியேட்டரின் தலையில் பற்றவைத்த கூடுதல் தண்ணீர்த் தொட்டி போகிறது. பானெட்டின் பக்கவாட்டில் பின்னாளில் வெட்டிய காற்றுத் துவாரங்களை டிங்கரிங் வேலைக்காரர் அடைத்துவிடுகிறார். கதவின் அடிச்சட்டத்தில் ஒட்டுப்போட்ட தேக்குக் கட்டை விறகாகிறது. உயரமான லீஃப் ஸ்பிரிங் இறக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: “அதெல்லாம் லோக்கல் வேலை சார், ஒரிஜினல் இல்லை.”

அந்த லோக்கல் வேலைக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அரண்மனைக் கொட்டில்களிலும் எஸ்டேட் ஷெட்டுகளிலும் கோழி அடைந்துகிடந்த வண்டிகளைக் கைக்காசு போட்டு மீட்டவர்கள் நீங்கள். நீங்கள் இல்லாவிட்டால் அவற்றில் பாதி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிருக்கும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அலட்சியக்காரர்களிடமிருந்து நீங்கள் காப்பாற்றிய காரில் இருக்கும் வரலாறு, உங்கள் அக்கறையாலேயே அழிந்துகொண்டிருக்கிறது.

அந்த மாற்றங்கள் ஏன் வந்தன என்பதிலிருந்து தொடங்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய சொகுசுக் கார் குளிர்நாட்டுக்காகவே வடிவமைக்கப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸின் 40/50 குதிரைத்திறன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் வந்த இந்த வகையைத்தான் உலகம் சில்வர் கோஸ்ட் என்று அழைக்கிறது. ஆறு சிலிண்டர், முதலில் 7,036 சிசி, சில ஆண்டுகளில் 7,428 சிசி. இவ்வளவு பெரிய எஞ்சின் கக்கும் சூட்டைக் காற்றில் கரைக்க வேண்டிய வேலை ரேடியேட்டருக்கு. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது, உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் வெளிக்காற்று 15 டிகிரி என்றால், தண்ணீர் கொதிநிலையைத் தொடும்வரை 85 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ராஜபுதனத்து மே மாதத்தில் வெளியே 45 டிகிரி. மிஞ்சுவது 55 டிகிரிதான். அதே எஞ்சின், அதே ரேடியேட்டர், ஆனால் குளிர்விக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கப்பல் பயணத்திலேயே காணாமல் போய்விடுகிறது.

மலை ஏறினால் நிலைமை இன்னும் மோசம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். சிம்லாவும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்றைய கார்களில் இருப்பதுபோல் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி அக்காலத்தில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் கீழ்க் கியரைப் போட்டு ஏறத் தொடங்கும் கார் மெதுவாகத்தான் நகரும், எஞ்சினோ முழு வேகத்தில் சுற்றும். முன்னாலிருந்து வந்து மோதும் காற்றும் குறைவு. கொண்டை ஊசி வளைவுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டியதுதான். ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க் இல்லாத காலத்தில் தண்ணீர் டின் இல்லாமல் எந்த டிரைவரும் மலையேறவில்லை. உங்கள் காரின் ஓரப்பலகையில் அந்த டின்னை வைப்பதற்காக அடித்த இரும்புச் சட்டம் இருந்தால், அது இந்த வரலாற்றின் சாட்சி. துரு என்று நினைத்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

சூட்டையும் ஏற்றத்தையும் தாங்க முடியும் என்பதைக் காட்டுவதே அன்று பெரிய விளம்பரமாக இருந்தது. 1908-ல் ‘பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட ஒரு ரோல்ஸ் ராய்ஸ், பம்பாய்–கோலாப்பூர் சோதனை ஓட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களைத் தாண்டி வென்றது. பிறகு அதை குவாலியர் மகாராஜா வாங்கினார். இந்தியாவில் ரோல்ஸ் ராய்ஸ் பெயர் நிலைத்ததில் அந்த ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கார் எவ்வளவு பளபளத்தது என்பதைவிட, மலையில் நின்றுவிடாமல் ஏறியதா என்பதைத்தான் வாங்கப்போகிறவர்கள் பார்த்தார்கள்.

அந்த நிறுவனத்தின் காரே ஒருமுறை மலையில் திணறியது. 1912-ல் ஆஸ்திரியாவின் ஆல்பைன் பந்தயத்தில் ஜேம்ஸ் ராட்லி என்பவர் ஓட்டிய சில்வர் கோஸ்ட், காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் நின்றுபோனது. அதன் கியர்பாக்ஸில் மூன்றே கியர்கள். முதல் கியர் அந்த ஏற்றத்துக்குப் போதவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கிய பிறகுதான் வண்டி ஏறியது. அடுத்த ஆண்டே நான்கு கியர்களோடும் பெரிய ரேடியேட்டரோடும் கார்கள் திரும்பி வந்தன. பந்தயத்தில் அவற்றின் ஓட்டம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. பின்னாளில் ‘ஆல்பைன் ஈகிள்’ என்ற பெயரில் அந்த வகை புகழ்பெற்றது. இன்று உலகச் சந்தையில் அந்தக் கார்களுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஒரு மலைக்காக மாற்றப்பட்டது என்பதே அதற்குக் காரணம். ஆல்ப்ஸ் மலைக்காகப் பெரிதாக்கிய ரேடியேட்டருக்குக் கிடைக்கும் மரியாதை, தக்காணத்து வெயிலுக்காகப் பெரிதாக்கிய ரேடியேட்டருக்கு உங்கள் பட்டறையில் ஏன் கிடைப்பதில்லை?

சூடு தண்ணீரோடு நின்றுவிடவில்லை. பெட்ரோல் செல்லும் குழாய் எஞ்சினின் வெக்கையில் சுட்டால், உள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். அதனால் குழாயை வேறு பக்கமாகத் திருப்பினார்கள், கல்நார்க் கயிறு சுற்றினார்கள். மேக்னெட்டோவின் கம்பிச் சுருளுக்குக் காப்பாகப் பூசிய அரக்கு நீண்ட வெக்கையில் இளகும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கும். பொறி வராமல் வண்டி நின்றுவிடும். அன்றைய கார்கள் பலவற்றில் கூம்பு வடிவக் கிளட்சுக்குத் தோல் போர்த்தியிருந்தது. தோல் வறண்டு விறைத்துப்போனால் வெடுக்கென்று பிடித்து வண்டியை உலுக்கும். அதற்கு விளக்கெண்ணெய் தடவிப் பதப்படுத்தினார்கள். மரச் சக்கரங்கள் வறண்ட காற்றில் சுருங்கி, ஆரக்கால்கள் ஆட்டம் காணும். அவற்றின் மேல் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது டிரைவரின் அன்றாட வேலைகளில் ஒன்று.

புழுதி இன்னொரு எதிரி. 1920-கள் வரை பெரும்பாலான கார்களின் கார்புரேட்டருக்குக் காற்று வடிகட்டியே கிடையாது. தார் காணாத சாலையில் முன்னால் ஒரு மாட்டுவண்டிச் சாரி போனாலே போதும், பின்னால் போகும் கார் அதன் புழுதியைக் குடித்து சிலிண்டரைத் தேய்த்துக்கொள்ளும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையே மண் புகுந்து கிரீஸோடு சேர்ந்து அரைக்கும். அதற்குத்தான் ஸ்பிரிங்குகளுக்குத் தோல் உறை தைத்துப் போட்டார்கள். பாலம் இல்லாத ஆறுகளை மணலில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்ததால் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து உயர்ந்து நின்றாக வேண்டும். உங்கள் காரின் நிற்பு கேட்டலாக் படத்தைவிட இரண்டு விரற்கடை உயரமாகத் தெரிந்தால், அதை அழகுக் குறைவாக எண்ணி இறக்கிவிடாதீர்கள். ஆறு கடந்த வண்டி அப்படித்தான் நிற்கும்.

இனி உங்கள் காரின் முன்கதவைத் திறந்து, உள்பக்கத்துக் குஷன் துணியைக் கவனமாக விலக்கிப் பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸும் அன்றைய பெரிய நிறுவனங்கள் பலவும் சேஸியை மட்டுமே விற்றன. பாடியை பார்க்கர், ஹூப்பர், தரப் அண்ட் மேபர்லி போன்ற கட்டுநர்கள் தனியாகச் செய்தார்கள். இங்கிலாந்தில் செய்தவை பெரும்பாலும் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியவை. விலங்குப் பசை போட்டு ஒட்டிய மூட்டுகள் பருவமழை ஈரத்தில் விட்டுப்போகும், கோடையில் மரம் சுருங்கிக் கதவு தொங்கும், கரையான் வேறு. கீழ்ச்சட்டத்தில் வெளிறிய ஆஷ் மரம் முடிந்து பழுப்பேறிய தேக்கு தொடங்கும் இடம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பசையை நம்பாமல் பித்தளைத் திருகாணி இறக்கியிருக்கிறார்களா, சேர்ப்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறதா, உளித் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு ஒட்டு அங்கே இருந்தால், எந்தக் கேட்டலாகிலும் பெயர் வராத ஒரு தச்சர் தன் ஊரின் வெயிலையும் மழையையும் அறிந்து செய்த வேலை அது. லண்டன் பட்டறையில் செய்த பகுதி உளுத்துப்போன பிறகும் அவர் வைத்த கட்டை தாங்கி நிற்கக்கூடும். நீங்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான்.

இந்தத் திறமை திடீரென்று முளைத்ததும் இல்லை. சென்னையின் சிம்சன் நிறுவனம் 1840-லிருந்து குதிரை வண்டிகள் கட்டிவந்தது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் காரையே செய்து காட்டினார். குதிரை வண்டிக்குத் தேக்கு இழைத்துப் பழகிய கைகள், மோட்டார் வண்டி வந்தபோது அதற்குப் பாடி கட்டவும் பழுது பார்க்கவும் ஆயத்தமாக இருந்தன. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இப்படியே. வெளிநாட்டுக் கார் இந்த மண்ணில் நடமாடப் பழகியது அந்தக் கைகளால்தான். உங்கள் காரின் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரி வேண்டாமா?

தயாரித்த நிறுவனங்களும் இதை அறிந்திருந்தன. ரோல்ஸ் ராய்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் கடல் தாண்டிப் போகும் கார்களுக்கு ‘காலனியல்’ என்ற தனித் தயாரிப்பு வகை வைத்திருந்தன. உயர்ந்த நிற்பு, கடினமான ஸ்பிரிங், கூடுதல் குளிர்விப்பு என்று வாங்குபவர் போகும் நாட்டைப் பார்த்து மாற்றினார்கள். 1925-ல் சில்வர் கோஸ்டுக்குப் பின் வந்த ஃபேன்டம் காரில், 7,668 சிசி எஞ்சினோடு, கோட்டா மகாராவ் இரண்டாம் உமேத் சிங்குக்காகச் செய்த வேட்டைக் காரைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். பார்க்கர் கட்டிய அந்த டூரரில் இரவுக் காட்டில் வெளிச்சம் பாய்ச்சப் பெரிய தேடுவிளக்குகள் இருந்தன. காட்டுத்தடத்தில் இழுத்துப் போகத் தாழ்ந்த கியர் விகிதம் இருந்தது. வேட்டையை இன்று யாரும் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கார் எங்கே, எதற்காக ஓடியது என்பதை அதன் உடலே சொல்கிறது. விளக்குகளைக் கழற்றிவிட்டால் அது பெயரில்லாத இன்னொரு டூரர்.

உங்கள் தரப்பு நியாயங்களும் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க இந்த மடல் விரும்பவில்லை.

முதலாவது, சட்டம். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களைப் பதிவு செய்யத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, அசல் வடிவில், சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். “அசல் வடிவம் என்று அரசே சொல்கிறதே, உள்ளூர் மாற்றத்தை வைத்திருந்தால் அதிகாரி கேள்வி கேட்பாரே” என்பது உங்களில் பலரின் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் 1926-ல் மதராஸில் இறங்கி, 1928-ல் கூடுதல் ஃபேன் பொருத்தப்பட்டு, முப்பது ஆண்டுகள் அப்படியே ஓடிய ஒரு காரை எண்ணிப் பாருங்கள். அந்த ஃபேனை இப்போது கழற்றிவிட்டு வெளிநாட்டிலிருந்து தருவித்த பாகத்தைப் பொருத்துவதுதான் இன்றைய மாற்றம். ஆவணத்தோடு போய் நின்றால் இதை எந்த அதிகாரிக்கும் விளக்க முடியும். ஆவணம் இல்லாததால்தான் விளக்க முடியாமல் போகிறது.

இரண்டாவது, சர்வதேசத் தரம். வெளிநாட்டுக் கண்காட்சியில் நிற்க வேண்டுமானால் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் இருக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறீர்கள். உலகப் பழங்கால வாகன அமைப்பான ஃபீவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தைப் படித்துப் பாருங்கள். வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சான்று என்று அது ஏற்கிறது. தயாரித்த நாளின் தோற்றத்துக்கே திருப்பியாக வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை. நீங்கள் அஞ்சுகிற சர்வதேசத் தரம் உங்களைவிடத் தாராளமாக இருக்கிறது.

இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணமும் உண்டு. மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் லெனின் பயன்படுத்திய சில்வர் கோஸ்ட் நிற்கிறது. ரஷ்யப் பனியில் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் தொடர்ப்பட்டைகளும் முன்னால் சறுக்குக் கட்டைகளும் அதில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அடால்ஃப் கெக்ரெஸ் என்பவர் உருவாக்கிய முறை அது. சில்வர் கோஸ்டை வடிவமைத்த ராய்ஸ் தன் வாழ்நாளில் அப்படியொரு காரை வரைந்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரம் மாட்டுங்கள் என்று எந்த நடுவரும் சொல்லப்போவதில்லை, அந்தப் பட்டைகள் இருப்பதால்தான் உலகம் அதைப் பார்க்க வருகிறது. பனிக்காக மாறிய கார் பொக்கிஷம் என்றால், வெயிலுக்காக மாறிய கார் எப்படிக் குறைபாடு ஆகும்?

மூன்றாவது, பாதுகாப்பும் ஓட்டமும். உளுத்த கட்டையை வைத்துக்கொண்டு சாலையில் இறங்க முடியாது. வெடித்த ரேடியேட்டரோடு பேரணியில் ஓட முடியாது. உண்மைதான். மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். ஆனால் தேக்குக் கட்டை உளுத்திருந்தால் அதே அளவில், அதே சேர்ப்பில் தேக்கையே வையுங்கள். கூடுதல் தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் ஈயம் வைத்து அடையுங்கள். இன்றைய போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் சுடுகிறதென்று மின்விசிறி பொருத்த வேண்டியிருந்தால், பழைய பாகத்தில் ஓட்டை போடாமல், நாளை சுவடின்றிக் கழற்றக்கூடியபடி பொருத்துங்கள்.

நடுவர்களே, இங்கே உங்கள் பங்கு எல்லாரையும்விடப் பெரியது. நீங்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறீர்களோ அதைத்தான் பட்டறைகள் செய்யும். 1920-களின் தொடக்கத்துக் கார்களில் நிக்கல் பூச்சு இருந்த இடமெல்லாம் குரோமியம் மின்னுகிறது. குரோமியம் கார்களில் பரவியதே அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். கண்ணாடி போன்ற பெயின்டுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அக்காலத்து வார்னிஷ் பூச்சு நம் வெயிலில் ஒரு கோடையிலேயே வெடிக்கத் தொடங்கிவிடும் என்பதும், அதனால் பல கார்கள் ஊரிலேயே மறுபடி மறுபடி பூசப்பட்டன என்பதும் மதிப்பெண் தாளில் எங்கும் இல்லை. பழைய பூச்சின் அடுக்குகளை ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டாமல் விட்டுவைத்த உரிமையாளருக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். அடுத்த ஆண்டே பத்துப் பட்டறைகள் அதைப் பின்பற்றும்.

பேரணி மேடைகளில் ஒலிபெருக்கி பிடிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகாராஜா ஒருவர் கோபத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களைக் குப்பை அள்ள விட்டார் என்ற கதை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு மகாராஜாவின் பெயரில் சொல்லப்படுகிறது. ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில், முன்னால் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்து, இந்த ஃபேனில் ஏன் இத்தனை இறக்கைகள், இந்தத் துவாரங்கள் ஏன் கையால் வெட்டப்பட்டிருக்கின்றன என்று காட்டுங்கள். வேடிக்கை பார்க்க வந்த பாலிடெக்னிக் மாணவன் வீட்டுக்குப் போய் அதைத்தான் நினைவில் வைத்திருப்பான்.

தாமதிக்க நேரமில்லை. கார்கள் நூறு ஆண்டு தாண்டி நிற்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஜமீன் வீட்டு டிரைவர்களின் பிள்ளைகள், எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ரேடியேட்டரில் எந்த ஊற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியாது, கோடையில் காற்றை டயரில் எவ்வளவு குறைப்பது, மலை இறங்கும்போது பிரேக் லைனிங் கருகாமல் எந்தக் கியரில் வருவது என்பதெல்லாம் அவர்கள் வாய்வழியே மட்டும் இருக்கின்றன. கம்பெனிக் கையேடு இதில் ஒன்றைக்கூடச் சொல்லாது, ஏனென்றால் அதை எழுதியவர் இந்த வெயிலில் வண்டி ஓட்டியதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான்.

பிரிக்கும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும், அது இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. செல்பேசி போதும்.

உங்கள் கார் ரோல்ஸ் ராய்ஸ் என்றால் அதன் சேஸி அட்டைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம் தன் ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பாதுகாக்கிறது. முதலில் வாங்கியவர், அனுப்பிய ஊர், கேட்ட சிறப்பு மாற்றங்கள் எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். எது தொழிற்சாலையிலேயே வெயிலுக்காகச் செய்தது, எது இங்கே செய்தது என்று பிரித்தறிய இதைவிட நல்ல சான்று இல்லை. மற்ற தயாரிப்புகளுக்கும் அந்தந்தச் சங்கங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கழற்றியே ஆக வேண்டிய பாகத்தை எறியாதீர்கள். சேஸி எண்ணை எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது பெட்டியும் காரோடு போகட்டும். 1950-க்கு முந்தைய கார்கள் நாட்டை விட்டுப் போகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் உள்ளூர்ப் பட்டறையில் கழற்றி எறியப்படும் பாகத்தைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் காவல் உங்கள் கையில்தான்.

உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய மெக்கானிக்கை ஒரு பிற்பகல் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் காரின் கோப்பில் எழுதுங்கள்.

சங்கங்களும் அருங்காட்சியகங்களும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்யலாம். கோவையின் ஜீடீ கார் அருங்காட்சியகம், அகமதாபாத் அருகே ஆட்டோ வேர்ல்ட், குருகிராம் பக்கம் தாவுருவில் உள்ள ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம் என்று நாட்டில் நல்ல சேகரிப்புகள் இருக்கின்றன. காரின் பெயர்ப்பலகையில் தயாரித்த ஆண்டும் குதிரைத்திறனும் எழுதும் இடத்துக்குக் கீழே, “இந்த நாட்டுக்காக இதில் மாற்றப்பட்டவை” என்று மூன்று வரி சேர்க்க அவர்களிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் கார்களைக் காட்சிக்குக் கொடுக்கும்போது இதையும் நிபந்தனையாக வையுங்கள்.

இந்தக் குளிர்காலப் பேரணிக்கு முன் உங்களில் பலர் ஒரு காரையாவது பட்டறைக்கு விடுவீர்கள். டிங்கரிங் தொடங்குவதற்கு முதல் நாள் நேரில் போய், கேட்டலாகில் இல்லாத பாகங்களுக்கெல்லாம் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு வாருங்கள். அந்த நூல் கட்டியதில் உங்களைக் கேட்காமல் யாரும் கைவைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.